நெஞ்சறைக்குள் சிக்கும் காற்று

அடியும் படாமல், காயமும் இல்லாமல், ஒரு பக்கச் சுவாசப்பை திடீரெனச் சுருங்கிவிடும் நோய்க்குத் தன்னிச்சை நியூமோதொறக்ஸ் என்று பெயர். சுவாசப்பையின் மேற்பரப்பில் உள்ள சிறு கொப்புளம் ஒன்று வெடிக்கிறது. அதன் வழியே கசியும் காற்று சுவாசப்பைக்கும் விலாச் சுவருக்கும் நடுவே போய்த் தங்குகிறது. காற்று சேரச் சேரச் சுவாசப்பை உள்வாங்குகிறது. அதுவரை எந்த நோயும் அறியாத, உயர்ந்து மெலிந்த இளைஞர்களையே இது பெரும்பாலும் பிடிக்கிறது. நேரத்துக்கு இனங்கண்டால் முழுமையாகக் குணமாகக்கூடிய நோய் இது. பலருக்கு ஊசிகூடத் தேவைப்படுவதில்லை. ஆனாலும் எளிதில் தவறவிடப்படுகிறது. அதற்குக் காரணம் அதன் வலியின் குணம். திடீரென வரும் வலி, ஒரு நாளுக்குள் தானாகவே தணிந்துவிடும். வலி தணிந்த பின்னும் காற்று உள்ளேயே இருக்கும்.

சுவாசப்பை இயல்பாகவே சுருங்கத் துடிக்கும் உறுப்பு. மீள்தன்மை கொண்ட இழைகளால் ஆன அதை வெளியே எடுத்து வைத்தால் தன் அளவில் ஒரு பகுதியாகச் சிறுத்துவிடும். விலாக்கூடோ அதற்கு நேர்மாறாக வெளிப்புறமாக விரியப் பார்ப்பது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு மெல்லிய சவ்வுகள். ஒன்று சுவாசப்பையைப் போர்த்தியிருக்கிறது, மற்றது விலாச் சுவரின் உட்புறத்தில் படிந்திருக்கிறது. நடுவே சில மில்லிலீற்றர் திரவம் மட்டுமே உண்டு. நீர் தடவிய இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வழுக்குவதுபோல், மூச்சுக்கு மூச்சு இவை பிரியாமல் நகர்கின்றன. இந்த இடைவெளியில் உள்ள அமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்தைவிட எப்போதும் சற்றுக் குறைவு. அந்தக் குறைவுதான் சுவாசப்பையை விரித்து வைத்திருக்கிறது. அங்கே காற்று புகுந்த மறுகணம் பிடி தளர்ந்து, சுவாசப்பை தன் இயல்புப்படி சுருங்குகிறது, விலாக்கூடு சற்று வெளியே விரிகிறது.

நிமிர்ந்து நிற்கும் மனிதனின் சுவாசப்பை முழுதும் ஒரே அளவாக இழுபடுவதில்லை. அதன் எடை கீழ்நோக்கி இழுப்பதால், காறை என்புக்கு அருகே இருக்கும் உச்சிப் பகுதியே அதிகம் இழுபடுகிறது. அங்குள்ள சிற்றறைகள் எந்நேரமும் விரிந்தே கிடக்கின்றன. நெஞ்சு நீண்ட, உயரமான உடலில் இந்த இழுவை இன்னும் கூடும். வளரும் வயதில் சடுதியாக நெடுத்துவிட்ட பையன்களுக்கு இந்த நோய் வருவதை மருத்துவர்கள் இவ்வாறே விளக்குகிறார்கள். வெடிக்கும் கொப்புளங்களும் பெரும்பாலும் உச்சியிலேயே காணப்படுகின்றன. கொப்புளம் இல்லாதவர்களுக்கும், சவ்வில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் விழுந்து காற்று கசிவதுண்டு.

உயரத்தை யாரும் மாற்ற முடியாது. புகையை மாற்றலாம். சுவீடனில் நடந்து 1987இல் வெளியான ஆய்வு ஒன்று, புகைக்கும் ஆண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய 22 மடங்கு என்றும், பெண்களுக்கு 9 மடங்கு என்றும் கணித்தது. நாளொன்றுக்குப் புகைக்கும் அளவு கூடக் கூட ஆபத்தும் ஏறியது. சிகரெட் புகை நுண்ணிய மூச்சுக் குழல்களில் அழற்சியை உண்டாக்குகிறது. குழல் வீங்கி ஒடுங்கும்போது உள்ளே போன காற்று வெளியேற வழியின்றிச் சிற்றறைகளில் தேங்கி அவற்றை ஊதிப் பெருக்குகிறது. பீடியும் சுருட்டும் இதற்கு விலக்கல்ல. கஞ்சாவைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசமாகலாம். புகையை ஆழமாக இழுத்து நெடுநேரம் மூச்சை அடக்கும் பழக்கம் அதோடு சேர்ந்தே வருகிறது. பெரிய காற்றுப்பைகள் உருவான இளைஞர்கள் பலர் கஞ்சா புகைத்தவர்களாக இருந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருளை விற்பது குற்றம். தன்னிச்சை நியூமோதொறக்ஸ் அதிகம் தாக்கும் வயதும் இதை ஒட்டியே தொடங்குகிறது என்பதால், கடைக்காரர் அந்தச் சட்டத்தை மதிப்பது ஒருவனின் சுவாசப்பையை நேரடியாகக் காப்பதாகும்.

நெல் மூட்டை தூக்கியதால், வள்ளம் தள்ளியதால், பந்து விளையாடியதால்தான் இப்படி ஆயிற்று என்று வீட்டார் நினைப்பது இயல்பு. உண்மையில் பெரும்பாலானோருக்கு இது ஓய்வாக இருக்கும்போதே நேர்கிறது. புத்தகம் படித்துக்கொண்டிருக்கையில், படுக்கையில், பேருந்தில் அமர்ந்திருக்கையில் வந்தவர்களே அதிகம். கடும் வேலை செய்யும் விவசாயிக்கோ மீனவருக்கோ இது கூடுதலாக வரும் என்பதற்குச் சான்று இல்லை. எனவே நோய் வந்தவனைப் பார்த்து, நீ இதைச் செய்ததால்தான் என்று குற்றம் சொல்வது அவனுக்கு வேண்டாத சுமையையே தரும். புகைப்பழக்கம் ஒன்றைத்தான் அவன் கையில் உள்ள காரணமாகச் சொல்லலாம்.

நோய் தொடங்கும் விதம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். நெஞ்சின் ஒரு பக்கத்தில் கூரிய குத்து திடீரென எழும். மூச்சை உள்ளே இழுத்தால் அது கூடும். சிலருக்குத் தோளிலோ முதுகிலோ பரவும். கூடவே மூச்சு முட்டும், வறட்டு இருமல் வரலாம். ஆரோக்கியமான இளைஞனுக்கு மறுபக்கச் சுவாசப்பை நன்றாக வேலை செய்வதால் மூச்சுத் திணறல் அவ்வளவாகத் தெரியாமலும் போகும். அவன் நடப்பான், பேசுவான், சாப்பிடுவான். இதனால்தான் வாய்வுக் குத்து என்றோ சதைப்பிடிப்பு என்றோ கருதி, உள்ளியும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் குடிநீர் அவித்துக் கொடுப்பதும், தைலம் தேய்த்துவிடுவதும் நடக்கின்றன. மறுநாள் வலி தணியும். மருந்து வேலை செய்தது என்று வீடு நிம்மதி அடையும். ஆனால் வலி தணிந்ததால் காற்று போய்விட்டது என்று பொருளல்ல. பாதி சுருங்கிய சுவாசப்பையோடு ஒருவன் பல நாள் வேலைக்குப் போய்வர முடியும். ஒரு பக்க நெஞ்சில் திடீரென வந்த, மூச்சிழுத்தால் கூடும் வலிக்கு, அது தணிந்துவிட்டாலும்கூட, எக்ஸ்றே ஒன்று எடுத்துப் பார்ப்பதே முறை. குறிப்பாக, உயரமாகவும் மெலிந்தும் உள்ளவருக்கும் புகைப்பவருக்கும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

எக்ஸ்றே வருவதற்கு முன்பே இந்த நோயை விரலாலும் காதாலும் கண்டுபிடிக்க மருத்துவர்கள் கற்றிருந்தார்கள். வியன்னாவில் பணியாற்றிய ஔவன்புருகர் 1761இல் நெஞ்சைத் தட்டி ஒலி கேட்கும் முறையை எழுதி வெளியிட்டார். நியூமோதொறக்ஸ் என்ற பெயரை 1803இல் பிரெஞ்சு மருத்துவர் இத்தார் வழங்கினார். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த லெனெக் 1819இல் வெளியிட்ட நூலில் நோயின் அடையாளங்களைத் தெளிவாக விவரித்தார். காற்று தேங்கிய பக்கத்தைத் தட்டினால் வழக்கத்தைவிட உரத்த வெற்றொலி எழும், காதை வைத்துக் கேட்டால் மூச்சொலி மங்கியோ அற்றோ போயிருக்கும். இன்று மட்டக்களப்பில் மருத்துவ மாணவர் ஒருவர் நோயாளியின் விலா இடுக்கில் விரலை வைத்துத் தட்டிப் பழகுவதும் இதே முறைதான்.

அந்தக் காலத்தில் இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோருக்குக் காசநோய் என்றே முடிவு செய்யப்பட்டது. காசநோய் பரவலாக இருந்த ஐரோப்பாவில் அந்த எண்ணம் இயல்பானதே. 1932இல் டென்மார்க் மருத்துவர் கியார்கோர், வெளித்தோற்றத்தில் முழு ஆரோக்கியம் உள்ளவர்களுக்கும் இது வருகிறது என்றும், அவர்களில் மிகப் பலருக்குக் காசநோயே இல்லை என்றும் நிறுவினார். அதன் பிறகே முதல்நிலை, இரண்டாம்நிலை என்ற பிரிவு நிலைத்தது. மறைந்திருக்கும் நுண்கொப்புளத்தைத் தவிர வேறு நோய் இல்லாதவருக்கு வருவது முதல்நிலை. ஏற்கெனவே பழுதடைந்த சுவாசப்பையில் வருவது இரண்டாம்நிலை. பெயரளவில் ஒரே நோயாக இருந்தாலும் இரண்டுக்கும் சிகிச்சையின் அவசரம் வேறு, ஆபத்தும் வேறு.

நின்ற நிலையில் எடுக்கும் சாதாரண நெஞ்சு எக்ஸ்றேயே பெரும்பாலும் போதுமானது. அதில் சுவாசப்பையின் ஓரம் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்கு வெளியே இரத்தக் குழாய்களின் நிழல் ஏதும் இராது, வெறும் கருமை மட்டுமே இருக்கும். சுவாசப்பையின் நடுமட்டத்தில் அந்தக் கருமையின் அகலம் 2 சென்ரிமீற்றர் என்றால் பாதிக் கொள்ளளவு போய்விட்டது என்று கணிக்கலாம். படத்தில் சிறு இடைவெளியாகத் தோன்றுவது உடலுக்குள் பெரிய அளவு என்பதைப் புதிய மருத்துவர்களுக்கு அழுத்திச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. படுத்தே கிடப்பவருக்கு அல்ட்ராசவுண்ட் உதவும். மூச்சோடு சவ்வுகள் வழுக்குவது திரையில் தெரியாவிட்டால் இடையே காற்று இருக்கக்கூடும் என்று ஐயுறலாம். சீடி ஸ்கான் எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் நெடுநாள் புகைத்த முதியவரின் எக்ஸ்றேயில், சுவாசப்பைக்கு உள்ளேயே ஊதிப் பெருத்த காற்றுப்பை ஒன்று நியூமோதொறக்ஸ் போலத் தோன்றி ஏமாற்றும். அதற்குள் குழாயைச் செலுத்தினால் இல்லாத நோயை உண்டாக்கியதாக முடியும். ஐயம் இருந்தால் ஸ்கான் பார்த்த பிறகே கை வைப்பார்கள்.

அரிதாக, கசியும் துளை ஒருவழிக் கதவாக மாறிவிடும். மூச்சு இழுக்கும்போது காற்று நெஞ்சறைக்குள் நுழையும், விடும்போது வெளியேறாது. ஒவ்வொரு மூச்சுக்கும் அமுக்கம் ஏறி, இதயத்தையும் மூச்சுக் குழாயையும் மறுபக்கம் தள்ளும்; இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் தடைப்படும். நாடி வேகமெடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, உதடு நீலமாகி, வியர்த்துக் கொட்டும். இதற்கு எக்ஸ்றேக்காகக் காத்திருப்பதில்லை. அங்கேயே ஊசியைச் செலுத்தி அமுக்கத்தை விடுவித்து, அதன்பின் குழாய் போடுவார்கள். சில நிமிடங்களில் உயிர் மீளும், அதே சில நிமிடங்களில் போகவும் கூடும். இத்தகைய அறிகுறி உள்ளவரை முச்சக்கர வண்டியில் ஏற்றி நெடுந்தூரம் அலைவதைவிட, முதலில் எதிர்ப்படும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே சரி.

மட்டக்களப்பு மாவட்டத்தில் எது முதலில் எதிர்ப்படும் என்பது வாவியின் எந்தக் கரையில் வீடு என்பதைப் பொறுத்தது. சுமார் 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவி மாவட்டத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கிறது. கடலோரமான எழுவான்கரையில் நெடுஞ்சாலை உண்டு, வரிசையாக வைத்தியசாலைகளும் உண்டு. வடக்கே வாழைச்சேனை, ஏறாவூர், நடுவில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, தெற்கே காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, அதற்கும் அப்பால் கல்முனை. மேற்கே வயலும் குளமும் பரந்த படுவான்கரையிலோ ஊர்கள் தொலைவுக்குத் தொலைவாகக் கிடக்கின்றன. 2014இல் ஜப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் படகுக்குக் காத்திராமல் கடக்கிறார்கள். பட்டிருப்புப் பாலமும் வலையிறவுப் பாலமும் தெற்கிலும் வடக்கிலும் வழி தருகின்றன. மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் நடுவே படகுப் பாதையை நம்பிப் பழகிய ஊரார், இரவு நேரத்தில் நோயாளியோடு சாலை வழியே சுற்றியேனும் போவதற்கு முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பது நல்லது. இந்தியாவின் நன்கொடையோடு 2016இல் தொடங்கிய ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் இலவசமாக அழைக்கலாம். அதில் ஒட்சிசனும் பயிற்சி பெற்ற பணியாளரும் இருப்பது நெஞ்சு நோயாளிக்குப் பெரிய துணை.

சிகிச்சையைப் பற்றிய எண்ணம் கடந்த நூறு ஆண்டுகளில் வியக்கத்தக்க விதமாக மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் சுவாசப்பையைச் சுருங்கவைப்பதே சிகிச்சையாக இருந்தது. காசநோயால் குழி விழுந்த சுவாசப்பைக்கு ஓய்வு கொடுத்தால் புண் ஆறும் என்று கருதிய இத்தாலிய மருத்துவர் ஃபோர்லானினி, வேண்டுமென்றே நெஞ்சறைக்குள் ஊசியால் காற்றைச் செலுத்தும் முறையை 1882இல் முன்மொழிந்து, பின்னர் செய்தும் காட்டினார். காற்று மெல்லக் கரைந்துவிடுவதால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், ஆந்திரத்து மதனப்பள்ளி போன்ற இந்தியச் சானடோரியங்களிலும் நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் இப்படி ஒரு பக்கச் சுவாசப்பை சுருங்கிய நிலையிலேயே வாழ்ந்தார்கள். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்த பிறகு இந்த முறை வழக்கொழிந்தது. ஆனால் இரண்டு உண்மைகளை அது காட்டிச் சென்றது. ஒரு பக்கச் சுவாசப்பையோடு மனிதன் நடமாட முடியும். கசிவு நின்றுவிட்டால், உள்ளே சிக்கிய காற்றை உடல் தானே கரைத்துக்கொள்ளும்.

கரைப்பது இரத்தம்தான். ஒட்சிசனை உறுப்புகளுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும் இரத்தத்தில் வாயுக்களின் மொத்த அமுக்கம், சிக்கிய காற்றின் அமுக்கத்தைவிடக் குறைவு. அந்த வேறுபாட்டால் காற்று மெல்லச் சவ்வைக் கடந்து இரத்தத்தில் கலந்து வெளியேறுகிறது. வேகம் மிக மிதமானது. நாளொன்றுக்கு அந்தப் பக்க நெஞ்சறையின் கொள்ளளவில் ஏறக்குறைய 1.25 முதல் 2.2 சதவீதம் வரையே குறையும். பாதி சுருங்கிய சுவாசப்பை முழுதாக விரிய மூன்று முதல் ஆறு வாரம் வரை ஆகும்.

அவ்வளவு நாள் காத்திருப்பது பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு 2020இல் வலுவான விடை கிடைத்தது. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 39 வைத்தியசாலைகளில், முதல்நிலை நோய் கண்ட 316 பேரை இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு உடனே குழாய் போடப்பட்டது. மற்றவர்கள் வலிநிவாரணியோடும் கண்காணிப்போடும் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். சுருக்கம் நடுத்தரமாகவோ பெரிதாகவோ இருந்தவர்கள்தான் இந்த ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். காத்திருந்தவர்களில் ஏறக்குறைய 85 சதவீதத்தினருக்குக் கடைசிவரை எந்தச் செயல்முறையும் தேவைப்படவில்லை. எட்டு வாரத்தில் இரு பகுதியிலும் பெரும்பாலானோரின் சுவாசப்பை முழுதாக விரிந்திருந்தது. ஓராண்டுக்குள் நோய் திரும்பியது காத்திருந்தவர்களில் 8.8 சதவீதத்தினருக்கு, குழாய் போடப்பட்டவர்களில் 16.8 சதவீதத்தினருக்கு. பிரித்தானிய நெஞ்சுநோய் மருத்துவர்களின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டல் இதை ஏற்றுக்கொண்டு, எக்ஸ்றேயில் காணும் அளவைவிட நோயாளி எப்படி இருக்கிறார் என்பதையே முதன்மையாகப் பார்க்கச் சொல்கிறது.

ஆயினும் வீட்டுக்கு அனுப்புவது என்பது நகரில் இருப்பவருக்கு ஒன்று, படுவான்கரையில் வெல்லாவெளிக்கு அப்பால் வயல் காவல் குடிலில் தங்குபவருக்கு வேறு. கூட ஆள் இருக்கிறதா, இரவில் மூச்சு முட்டினால் வாகனம் கிடைக்குமா, தொலைபேசி எடுபடுமா, குறித்த நாளில் மறு எக்ஸ்றேக்கு வருவாரா என்றெல்லாம் கேட்டே மருத்துவர் முடிவெடுக்க வேண்டியிருக்கும். இந்தக் கேள்விகளுக்கு நோயாளி கூச்சமின்றி உள்ளதைச் சொல்வது அவருடைய பாதுகாப்புக்கே நல்லது. வாட்டில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்க வேண்டியிருந்தாலும் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

மூச்சு முட்டுகிறவருக்குக் காற்றை வெளியே எடுத்தாக வேண்டும். எளிய வழி ஊசியால் உறிஞ்சுவது. தோலை விறைக்கவைத்து, மெல்லிய பிளாஸ்ரிக் குழலை விலா இடுக்கில் செலுத்தி, பெரிய சிரிஞ்சியால் திரும்பத் திரும்ப இழுப்பார்கள். இரண்டரை லீற்றர் எடுத்தும் முடியவில்லை என்றால் உள்ளே கசிவு தொடர்கிறது என்று பொருள். அங்கே நிறுத்திவிட்டுக் குழாய்க்குப் போவார்கள். முதல்நிலை நோயாளரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஊசியே போதுமானதாக இருக்கிறது. அவர்கள் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம்.

குழாய் போடும் இடம் அக்குளுக்குக் கீழே, முன்புற மார்புத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் நடுவே, முலைக்காம்பின் மட்டத்துக்கு மேலே அமைந்த முக்கோணப் பகுதி. அங்கே தசை மெலிது, பெரிய உறுப்புகள் அருகில் இல்லை. விலா என்பின் கீழ் ஓரத்தை ஒட்டி நரம்பும் இரத்தக் குழாய்களும் ஓடுவதால், எப்போதும் கீழுள்ள என்பின் மேல் ஓரத்தைத் தழுவியே குழாய் நுழையும். முன்பெல்லாம் சுண்டுவிரல் தடிப்புள்ள குழாய்களே போடப்பட்டன. கம்பி ஒன்றை வழிகாட்டியாக வைத்துச் செலுத்தப்படும் மெல்லிய குழாய்களே இப்போது இந்நோய்க்குப் பெரும்பாலும் போதும். அவற்றால் வலியும் குறைவு.

குழாயின் மறுமுனை தரையில் நிற்கும் போத்தலுக்குப் போகிறது. ஜேர்மன் மருத்துவர் பியூலாவ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த இந்த ஏற்பாடு இன்றும் அடிப்படையில் மாறவில்லை. போத்தலில் கிருமி நீக்கிய நீர் இருக்கும். குழாயின் நுனி நீர்மட்டத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர் அளவு கீழே அமிழ்ந்திருக்கும். நெஞ்சிலிருந்து வரும் காற்று குமிழியாக வெளியேறும். நீர் தடுத்துவிடுவதால் வெளிக்காற்று உள்ளே திரும்பாது. இது எத்தனை எளிய கருவி என்பதை 1995இல் ஹொங்கொங்கிலிருந்து இலண்டன் சென்ற விமானத்தில் நடந்த நிகழ்ச்சி காட்டியது. விமானம் ஏறுமுன் விபத்தில் சிக்கி விலா என்பு முறிந்திருந்த பயணி ஒருவருக்கு நடுவானில் சுவாசப்பை சுருங்கியது. பயணிகளில் ஒருவராக இருந்த ஸ்கொட்லாந்தில் பயின்ற சத்திரசிகிச்சைப் பேராசிரியர் அங்கஸ் வாலஸ், இன்னொரு மருத்துவரின் துணையோடு, சட்டை மாட்டும் கம்பியை உள்ளே செருகி விறைப்பாக்கிய சிறுநீர்க் குழாயையும் குடிநீர்ப் போத்தலையும் கொண்டு இதே ஏற்பாட்டை அமைத்தார். கம்பியைத் துடைக்கப் பயன்பட்டது பிராந்தி. பயணி உயிர் பிழைத்தார்.

குழாயோடு இருக்கும் நாட்களில் நோயாளியும் துணைக்கு நிற்பவரும் அறிய வேண்டியவை சில உண்டு. போத்தல் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். கழிப்பறைக்குப் போகும்போது அதைக் கையில் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு தாராளமாக நடக்கலாம், நடப்பது நல்லதும்கூட. மூச்சோடு குழாயினுள் நீர் ஏறி இறங்குவது குழாய் அடைபடவில்லை என்பதற்கு அடையாளம். இருமும்போது குமிழி வந்தால் கசிவு இன்னும் ஆறவில்லை. குமிழி வரும் குழாயை எக்காரணம் கொண்டும் மடிக்கவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. வெளியேற வழியற்ற காற்று முன்னே சொன்ன ஆபத்தான அமுக்கமாக மாறும். போத்தல் கவிழ்ந்தால் உடனே நிமிர்த்திவிட்டுத் தாதியை அழைக்க வேண்டும். பார்வையாளர் நேரத்தில் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் நிற்கையில் காலடியில் இருக்கும் போத்தல்மீது ஒரு கண் வைத்திருப்பது உறவினர் செய்யக்கூடிய பெரிய உதவி. போத்தலுக்குப் பதிலாக நெஞ்சிலேயே ஒட்டிவைக்கும் சிறு ஒருவழி வால்வுக் கருவிகளும் வந்துள்ளன. பிரித்தானியாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், இத்தகைய கருவி பொருத்தப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் வைத்தியசாலையில் இரவு தங்கவே நேரவில்லை.

கசிவு மூன்று முதல் ஐந்து நாளுக்குள் நிற்காவிட்டாலும், நோய் மறுபடி வந்தாலும், நெஞ்சறைச் சத்திரசிகிச்சை நிபுணரின் கருத்தைக் கேட்பார்கள். முதல்நிலை நோய் ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்புகிறது. பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுக்குள். இரண்டாம் முறை வந்தவருக்கு மூன்றாம் முறை வரும் வாய்ப்பு இன்னும் அதிகம். சத்திரசிகிச்சையில் சிறு துளைகள் வழியே கமராவைச் செலுத்தி, கொப்புளம் உள்ள உச்சியை வெட்டித் தைத்து, இரு சவ்வுகளையும் நிரந்தரமாக ஒட்டவைப்பார்கள். சவ்வை உரசிப் புண்ணாக்கியோ, விலாச் சுவரில் படிந்த சவ்வை உரித்தெடுத்தோ, டால்க் தூளைத் தூவியோ இந்த ஒட்டுதலை உண்டாக்கலாம். டால்க் முறையை 1935இல் எழுதி வெளியிட்டவர் கனடிய மருத்துவர் நோர்மன் பெத்யூன். அவரே காசநோய்க்காகச் செயற்கையாகச் சுவாசப்பையைச் சுருக்கிக்கொண்டு பிழைத்தவர். சத்திரசிகிச்சையைத் தாங்க முடியாத முதியவருக்கு, அவருடைய சொந்த இரத்தத்தையே சிறிதளவு எடுத்துக் குழாய் வழியே உள்ளே விட்டுக் கசிவை அடைக்கும் மலிவான வழியும் உண்டு. இலங்கையில் இத்துறைக்குரிய தலைமை நிலையம் வெலிசறையில் உள்ள தேசிய சுவாச நோய் வைத்தியசாலை. மட்டக்களப்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் என்பதால், அங்கே மாற்றப்படும் நோயாளியின் எக்ஸ்றேப் படங்களையும் நோய்க் குறிப்பையும் குடும்பத்தார் கையோடு கொண்டுபோக வேண்டும்.

இரண்டாம்நிலை நோய் முற்றிலும் வேறு கதி. பல்லாண்டு புகைத்தோ, விறகடுப்புப் புகையில் நாள் முழுதும் சமைத்தோ சுவாசப்பை பழுதான முதியவருக்கு இருப்பே குறைவு. அதில் சிறிதளவு சுருங்கினாலும் மூச்சுத் திணறல் கடுமையாகும். தொய்வு நோயாளி ஒருவருக்கு வழக்கமான பம்பும் மருந்தும் கேட்காமல் திடீரெனத் திணறல் கூடினால் இதையும் நினைக்க வேண்டும். இவர்களை வைத்தியசாலையில் வைத்தே பார்ப்பார்கள், பெரும்பாலும் குழாயும் தேவைப்படும். காசநோயும் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. நுரையீரல் காசநோயாளரில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குச் சுவாசப்பை சுருங்கலாம். ஆகவே இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், இளைப்பு ஆகியவை முன்பே இருந்தனவா என்று கேட்பதும், சளியைச் சோதிப்பதும் இங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. காசநோய் உறுதியானால் குழாயோடு ஆறு மாத மருந்தும் சேர வேண்டும். மருந்தில்லாமல் துளை ஆறாது.

பெண்களிடம் இந்நோய் குறைவு என்பதாலேயே அவர்களுக்கு வரும்போது காரணத்தைத் தேட வேண்டும். மாதவிடாய் தொடங்கும் நாளை ஒட்டி, மூன்று நாளுக்குள், பெரும்பாலும் வலப்பக்கத்தில் திரும்பத் திரும்ப வருமானால், கருப்பையின் உட்படலத் திசு பிரிமென்றகட்டிலும் நெஞ்சறைச் சவ்விலும் படிந்திருக்கலாம். நெஞ்சுவலி என்று வரும் பெண்ணிடம் மாதவிடாய்த் தேதியைக் கேட்க வைத்தியருக்கும், சொல்ல அவளுக்கும் இருக்கும் தயக்கத்தால் இந்த வகை ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது. அதேபோல், கைகால் விரல்கள் மிக நீண்டு, பார்வைக் குறைவோடும் உள்ள உயரமானவருக்கு மார்பான் கோளாறு இருக்கலாம்; அவருடைய இதயத்தையும் பெருந்தமனியையும் பரிசோதிக்க வேண்டும். ஒரே குடும்பத்தில் இருவருக்கு வந்தால் பரம்பரைக் காரணமும் உண்டா என்று பார்ப்பார்கள்.

குணமான பின் வேலைக்குத் திரும்பத் தடையில்லை. மூச்சு முட்டாத அளவுக்கு நடப்பதும் இலகுவான வேலையும் தொடக்கத்திலேயே செய்யலாம். பாரம் தூக்குவதையும் மோதி விளையாடும் ஆட்டங்களையும் சுவாசப்பை முழுதாக விரிந்தது எக்ஸ்றேயில் உறுதியாகும்வரை தள்ளிவைக்க வேண்டும். புகைப்பதை நிறுத்துவதே திரும்ப வருவதைத் தடுக்க நோயாளி செய்யக்கூடிய பெரிய காரியம்.

வானமும் கடலும் தனியே சொல்லப்பட வேண்டியவை. பறக்கும் விமானத்தின் உள்ளமுக்கம், கடல் மட்டத்திலிருந்து 2,400 மீற்றர் வரை உயரமான மலையில் இருப்பதற்கு ஒப்பானது. அங்கே சிக்கிய காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரியும். கட்டாருக்கும் சவூதிக்கும் வேலைக்குப் போக விசாவும் ரிக்கெற்றும் கையில் வைத்திருக்கும் இளைஞனுக்கு, சுவாசப்பை முழுதாக விரிந்ததை எக்ஸ்றே காட்டிய பின் ஒரு வாரமாவது கழித்தே பறக்க வேண்டும் என்று சொல்வது கடினம். ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். பயண நாளை மாற்ற மருத்துவச் சான்றிதழ் உதவும்.

கடலுக்கடியில் கணக்கு இன்னும் கடுமை. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், சுமார் 50 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்க உலகெங்கும் இருந்து சுழியோடிகள் வருகிறார்கள், அவர்களுக்கு வழிகாட்ட உள்ளூர் இளைஞர்களும் காற்றுச் சிலிண்டரோடு இறங்குகிறார்கள். அந்த ஆழத்தில் அமுக்கம் ஆறு மடங்கு. அங்கே ஒரு கொப்புளம் வெடித்துக் கசியும் காற்று, மேலே வர வர ஆறு மடங்காக விரிந்து இதயத்தையே நெருக்கும். நடுக்கடலில் ஊசி போட ஆளில்லை. எனவே தன்னிச்சை நியூமோதொறக்ஸ் ஒருமுறை வந்தவர், இரு பக்கமும் சவ்வை ஒட்டும் சத்திரசிகிச்சை செய்து, ஸ்கானும் மூச்சுப் பரிசோதனையும் சரியாக இருந்தால் ஒழிய, சிலிண்டரோடு சுழியோடுவதை வாழ்நாள் முழுதும் விட்டுவிட வேண்டும். சங்கு, கடலட்டை, அலங்கார மீன் பிடிக்கச் சிலிண்டரோடு இறங்குபவர்களுக்கும் இதே விதிதான். அவர்களுக்கு இது வயிற்றுப்பாட்டையே பாதிக்கும் என்பதால், வாட்டிலிருந்து அனுப்பும்போதே தொழில் என்னவென்று கேட்டு, நோய்க் குறிப்பில் எழுதி, தெளிவாகச் சொல்லி அனுப்புவது வைத்தியசாலையின் கடமை.